பின்னால் வந்த வெள்ளைக் கார்

எங்கள் வீட்டில் யாரும் சும்மா ஊர் சுற்றப் போனது கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை வேளாங்கண்ணிக்குப் போவோம், அது நேர்த்திக்கடன். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போவோம், அது கூப்பிடு தூரம். அப்பா குடிகாட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்டு பார்த்தார். லீவு என்றால் அவருக்குத் தூக்கம் என்று பொருள். அப்படிப்பட்டவர் ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "சனிக்கிழமை எல்லாரும் கல்வராயன் மலைக்குப் போறோம். அருவி பாக்க," என்று சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

சந்தேகத்துக்கு என்னிடம் ஆதாரம் இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால்தான், எங்கள் வீட்டுக் குளியலறைக் கூரையில் குடியேறியிருந்த பூனையை அப்பா சாக்கில் கட்டி, மாமாவின் பைக்கில் கெடிலம் பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் குடும்பத்தில் எந்தக் காரியத்துக்கும் திட்டம் போடுகிறவர் அவர்தான். "அவ்ளோ தூரம் கொண்டுபோய் விட்டா திரும்பி வர வழி தெரியாது மச்சான்," என்று அப்பாவுக்கு அவர் சொன்னதை நான் கேட்டிருந்தேன். அன்றைக்கும் அப்பா என் முகத்தைப் பார்க்காமல்தான் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சந்தேகம் உறுதியானது. அம்மா அடுப்படியில் புளிசாதத்துக்குப் புளி காய்ச்சிக்கொண்டிருந்தாள். மாமா கதவோரம் நின்று ரகசியக் குரலில் பேசிக்கொண்டிருந்தார். நான் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருந்தேன். அங்கே எனக்கு வேலை ஒன்றும் இல்லை.

"மலையில வச்சே முடிச்சிடலாம்க்கா."

"அவளுக்குத் தெரிஞ்சா வண்டியிலயே ஏற மாட்டாடா."

"தெரியவே வேணாம். அங்க ஒரு எடத்துல உக்கார வச்சிட்டு நாம நவுந்துக்குவோம். மீதிய ஆண்டவர் பாத்துக்குவாரு."

"நல்லபடியா முடிஞ்சிட்டா பாரம் எறங்கும்," என்று அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த ‘அவள்’ யார் என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டில் அம்மாவையும் என்னையும் விட்டால் மிச்சம் இருந்த பெண் சித்திதான்.

சித்தி அம்மாவின் தங்கை, மாமாவுக்கும் இளையவள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். குழந்தையில் வந்த போலியோவில் அவளுடைய இடது கால் சூம்பிப் போயிருந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் இடது கையால் தொடையை அழுத்தி ஊன்றித்தான் நடப்பாள். அவளுடைய இடது செருப்புக்கு மட்டும் அடிப்பாகம் கனமாக, செங்கல் மாதிரி இருக்கும். பின்னால் இரண்டு சின்னச் சக்கரம் பூட்டிய ஸ்கூட்டரில் என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவாள். ராத்திரியில் நான் அவள் பக்கத்தில்தான் படுப்பேன். சித்தியைச் சாக்கில் கட்ட முடியாது, அதனால்தான் வேன் பிடித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது.

அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அன்றைக்குச் சித்தி சந்தோஷமாக இருந்தாள். மலையையே பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டு, துண்டு, மாற்றுத்துணி, சோப்பு எல்லாவற்றையும் பையில் அடுக்கினாள். எனக்கு மனசு வரவில்லை. சித்தியின் கையை மட்டும் எங்கேயும் விடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

சனிக்கிழமை விடியற்காலை கிளம்பினோம். வேன் புறப்படுவதற்கு முன் அம்மா ஜெபமாலையில் ஒரு பத்து மணியை உருட்டி ஜெபம் சொல்ல வைத்தாள். வேளாங்கண்ணிக்குக்கூட மூன்று ‘அருள் நிறைந்த மரியே’யோடு கிளம்பிவிடுகிறவள். அப்பா முகம் மழித்து, ஈஸ்டருக்கு எடுத்த சட்டையைப் போட்டிருந்தார். அம்மா தன்னுடைய கல்யாணச் சங்கிலியைக் கழற்றிச் சித்தியின் கழுத்தில் போட்டாள்.

"மலை ஏறுறதுக்கு எதுக்குக்கா சங்கிலி?" என்று சித்தி கேட்டாள்.

"சும்மா போட்டுக்கடி. கழுத்து மூளியா இருக்கு."

பூனைக்கும் கடைசி நாளன்று அம்மா ஒரு கிண்ணம் பால் வைத்தாள்.

உளுந்தூர்பேட்டையில் டீக்கடையில் நிறுத்தியபோதுதான் அந்த வெள்ளைக் காரை முதலில் பார்த்தேன். புளியமரத்தடியில் நின்றிருந்தது. உள்ளே கட்டம்போட்ட சட்டை போட்ட ஒருவர், பின் சீட்டில் குடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வயசான அம்மா. மாமா சிகரெட் வாங்கப் போகிறவர் மாதிரி அந்தப் பக்கம் போனார். காருக்குள் குனிந்து ஏதோ சொன்னார். திரும்பி வரும்போது கையில் சிகரெட் இல்லை.

கள்ளக்குறிச்சி தாண்டியதும் கண்ணாடி வழியே பார்த்தேன். வெள்ளைக் கார் பின்னாலேயே வந்தது. மலைப்பாதை தொடங்கியதும் ஒவ்வொரு வளைவிலும் கீழே அது தெரிந்தது. வேன் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது. மாமா செல்போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். சிக்னல் இல்லை. அவர் முகத்தில் கவலை கூடக் கூட எனக்குத் தைரியம் வந்தது.

காட்டு நுழைவாயிலில் வனத்துறைச் சோதனைச்சாவடி. காவலர் எங்கள் பைகளைத் துழாவி, பிளாஸ்டிக் கவர்களை எடுத்துப்போட்டுவிட்டு வழி சொன்னார். அருவிக்கு இரண்டரை கிலோமீட்டர், நடந்துதான் போக வேண்டும், கொஞ்சம் படிக்கட்டு, அப்புறம் பாறை, ஒரு ஓடையைத் தாண்ட வேண்டும். சித்தியின் காலைப் பார்த்துவிட்டு, "நீங்க வேணும்னா அதோ அந்தப் பெஞ்சில உக்காரலாம்மா, பள்ளத்தாக்கு நல்லா தெரியும்," என்றார்.

அப்பா, அம்மா, மாமா மூன்று பேரும் ஒரே நேரத்தில் "அதான் சரி" என்றார்கள்.

அம்மா சித்தியைச் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார வைத்து, புடவைக் கொசுவத்தைப் பாதம் வரைக்கும் இழுத்து விரித்துவிட்டாள். செங்கல் செருப்பு தெரியாதபடி காலைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள். தலையில் பூவைச் சரிசெய்தாள். "நீ இங்கியே உக்காந்திரு. எழுந்திரிக்காத. நாங்க சீட்டு வாங்கிட்டு வந்துடறோம்." பிறகு என் கையைப் பிடித்து இழுத்தாள். "நீ வா பாப்பா."

நான் பெஞ்சின் கம்பியைக் கட்டிக்கொண்டேன். வரமாட்டேன் என்று கத்தினேன். அம்மா தொடையில் கிள்ளினாள். அதற்கும் அசையவில்லை. ஊர் பார்க்கிறது என்று மாமா சொல்ல, என்னை விட்டுவிட்டு மூன்று பேரும் சாவடிப் பக்கம் போனார்கள். மாமா சாலையின் வளைவைப் பார்த்தபடியே நடந்தார். வெள்ளைக் காரை இன்னும் காணவில்லை.

இனியும் பொறுக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் சித்தியிடம் கொட்டிவிட்டேன். "சித்தி, உன்ன இங்க விட்டுட்டுப் போகப் போறாங்க. பூனைய விட்ட மாதிரி. மலையில வச்சே முடிச்சிடலாம்னு மாமா சொன்னாரு. நான் கேட்டேன். ஒரு வெள்ளைக் காரு உளுந்தூர்பேட்டைலேருந்து நம்ம பின்னாடியே வருது."

சித்தி சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது.

"கார்ல யாரு?"

"கட்டம் போட்ட சட்டை ஒருத்தரு. குடை வச்சிகிட்டு ஒரு பாட்டி."

"மாமா அவங்ககிட்ட பேசுனாரா?"

"பேசுனாரு. சிகரெட் வாங்குற மாதிரி நடிச்சிட்டுப் பேசுனாரு."

சித்தி கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு விரித்துவிட்ட கொசுவத்தைப் பார்த்தாள். அப்புறம் எழுந்து, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். கொசுவத்தையும் தூக்கிச் செருகினாள். இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே நன்றாகத் தெரிந்தன.

"வா, நாம அருவிக்குப் போவோம்."

தப்பித்துவிட்டோம் என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. காவலர் வேறொரு வண்டியைச் சோதித்துக்கொண்டிருந்தார். நாங்கள் பாதைக்குள் நுழைந்தோம்.

படிக்கட்டு இருந்த வரைக்கும் சித்தி கைப்பிடியைப் பிடித்து வேகமாகவே ஏறினாள். அது முடிந்து வேரும் கல்லுமாகப் பாதை செங்குத்தாக ஆனபோது, ஒவ்வொரு எட்டும் எனக்கே வலித்தது. கை தொடையை அழுத்தும், உடம்பு ஒரு பக்கம் சாயும், மறு கால் எழும்பும். முதுகு ரவிக்கை முழுக்க நனைந்துவிட்டது. இரண்டாவது வளைவில் நான் திரும்பிப் பார்த்தேன். கீழே அம்மாவின் பச்சைப் புடவை தெரிந்தது. அதற்கு முன்னால் கட்டம்போட்ட சட்டை.

"வர்றாங்க சித்தி! வேகமா வா!"

சித்தி நின்றாள்.

"வா சித்தி!"

"இரு. மூச்சு வாங்கிக்கிறேன்."

ஆனால் அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. கீழே இருப்பவர்கள் எங்களைப் பார்க்கும் வரைக்கும் வெட்ட வெளியில், வெயிலில் நின்றாள். அவர்கள் பார்த்ததும் திரும்பி நடந்தாள். நடுப்பாதையில், மெதுவாக, ஒரு மரத்தின் மறைவுக்குக்கூட ஒதுங்காமல் நடந்தாள். அடுத்த வளைவிலும் அப்படியே. துரத்துகிறவர்களிடமிருந்து தப்பிக்கத் தெரியாத சித்தி என்று எனக்கு அழுகை வந்தது. குண்டாக ஒரு கல்லைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

ஓடையில்தான் அந்த ஆள் எங்களை நெருங்கினார். சித்தி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போய், ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தாள். நான் காவல் நின்றேன். அவர் இக்கரையில் வந்து நின்று, மூச்சிரைக்க, சித்தியைப் பார்த்து எதையோ சொல்ல வாயைத் திறந்தார். தண்ணீரில் ஒரு காலை வைத்தார். நான் கல்லை எறிந்தேன்.

ஒன்பது வயதுக் குறி தப்பும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தப்பவில்லை. புருவத்துக்கு மேலே பட்டது. அவர் அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, அடிப்பாவி!"

சித்தி செருப்பில்லாமலே ஓடைக்குள் இறங்கினாள். நடக்கவே தாங்காத கால், வழுக்குப் பாறையில் எப்படிப் போனது என்று தெரியவில்லை. அவர் தோளைப் பிடித்து எங்கள் பக்கத்துப் பாறைக்குக் கொண்டுவந்து உட்கார வைத்து, தன் கைக்குட்டையை நனைத்துக் காயத்தில் அழுத்தினாள். இன்னொரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க. எம் பொழப்பே ரத்தம் பாக்குறதுதான். ஆழமா இல்ல."

"பரவால்லைங்க," என்றார் அவர். பிறகு, "நான் சிதம்பரத்துலேருந்து... உங்களப் பாக்கத்தான் வந்தேன். உங்ககிட்ட சொல்லியிருக்காங்கன்னு நெனச்சேன்," என்றார்.

"சொல்லல. இவ சொன்னா." என்னைக் காட்டினாள். "பாத்துட்டீங்களா?"

"ம்."

"எங்கேருந்து?"

"கீழ வளைவுலேருந்து. முக்கால் மணி நேரமா பாத்துகிட்டேதான் வர்றேன்."

"அப்ப சரி. பெஞ்சில உக்காந்திருந்தா ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

அவர் சித்தியின் காலைப் பார்த்தார். மறைத்துப் பார்க்கவில்லை, நேராகவே பார்த்தார். "கால்ல ஏதோ சுளுக்குன்னு உங்க அண்ணன் சொன்னாரு."

"ஆமா. இருபத்தேழு வருசத்துச் சுளுக்கு."

அந்த ஆள் சிரித்தார். நெற்றியில் ரத்தத்தோடு ஒருவர் சிரிப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. சித்தியும் சிரித்தாள். எனக்குக் கோபமாக வந்தது.

"இந்த ஏத்தத்துல என்னால உங்களப் புடிக்க முடியல," என்றார் அவர்.

"கடையில உக்காந்தே இருப்பீங்களோ?"

"எலக்ட்ரிகல் கடை. எப்பவாச்சும் ஏணியில ஏறுவேன்."

அதற்குள் குடைக்கார அம்மா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடைக்கரைக்கு வந்துவிட்டார். பின்னாலேயே அப்பாவும் அம்மாவும். அந்த அம்மா முதலில் மகனின் நெற்றியைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை அழுத்தியிருந்த சித்தியின் கையை. பிறகு, ஓடைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த அவளுடைய காலை. அந்தக் காலில் அவர் பார்வை ரொம்ப நேரம் இருந்தது.

"சுளுக்குன்னு சொன்னீங்க," என்றார் மாமாவிடம்.

மாமா குனிந்து பேன்டில் ஒட்டியிருந்த முள்ளைப் பிடுங்கத் தொடங்கினார். திட்டம் போடுகிறவர் அப்படிக் குனிந்ததை அன்றுதான் பார்த்தேன். அம்மா, "பொண்ணு ரொம்பத் தங்கமானவங்க, வேலைக்குப் போறாங்க..." என்று தொடங்கினாள்.

"நான் குறை சொல்லல. மறைச்சதத்தான் சொல்றேன்." அந்த அம்மா குடையை மடக்கினார். "வாடா, எறங்கலாம்."

மகன் உடனே எழுந்திருக்கவில்லை. எழுந்த பிறகும் ஓடையைத் தாண்டக் கொஞ்ச நேரம் ஆனது. கைக்குட்டையைத் திருப்பித் தர நீட்டினார். அதன் கோலத்தைப் பார்த்துவிட்டு, "தொவச்சுக் குடுத்துடுறேன்," என்றார்.

"சரி," என்றாள் சித்தி. குனிந்து செருப்பை மாட்டத் தொடங்கினாள். அதன் வார் நனைந்து ஊறிப் போயிருந்ததால் அவளுக்கு நிமிரவே நேரமில்லை.

நான் மட்டும்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். எதிரி முழுசாக மலையிறங்கும் வரைக்கும் கண்ணை எடுக்கக் கூடாதல்லவா.

சமாதானம் பேச மாமாவும் அம்மாவும் அவர்கள் பின்னாலேயே இறங்கிவிட்டார்கள். அப்பா மட்டும் எதிர்க்கரையில் நின்றார். பிறகு பேன்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ஓடையைத் தாண்டி வந்தார்.

"என்ன மன்னிச்சிடும்மா," என்றார் சித்தியிடம்.

"வந்ததுதான் வந்துட்டோம், அருவியப் பாத்துட்டுப் போலாம் அத்தான்," என்றாள் சித்தி.

மிச்சத் தூரத்துக்கு அப்பா அவளுக்குக் கை கொடுக்க வந்தார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அருவி, கண்ணில் படுவதற்கு வெகுநேரம் முன்பே காதில் விழுந்தது. கடைசிப் பாறையைச் சுற்றியதும் சாரல் முகத்தில் அடித்தது. கடலைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, தண்ணீர் மேலேயிருந்தும் வரும் என்பது அன்றைக்குத்தான் நம்பும்படியாக இருந்தது. கறுத்த பாறை முழுவதும் வெள்ளையாகச் சிதறி, கீழே குளமாக விழுந்து, புகை மாதிரி எழும்பியது. சித்தி புடவையோடு உள்ளே போய், முதுகைக் கொடுத்து நின்றாள். அந்த இடத்தில் யார் கால் எப்படி என்று ஒன்றும் தெரியவில்லை. எல்லோருமே தண்ணீரின் அடி தாங்காமல் சாய்ந்து, தள்ளாடித்தான் நின்றார்கள். என்னைக் கூப்பிட்டு இழுத்து, தன்னோடு அணைத்துக்கொண்டாள். அவள் முகம் முழுக்கத் தண்ணீராக இருந்தது.

இரண்டு நாள் கழித்துச் சிதம்பரத்திலிருந்து பதில் வந்தது. காலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பொண்ணுக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்தி, நம்ம குடும்பத்துக்குச் சரிப்படாது என்று சொல்லிவிட்டார்களாம். இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது கல்லூரிக்குப் போன பிறகு, அம்மா ஒருநாள் வேறு எதையோ பேசப் போய்ச் சொன்னபோது. முன்பெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து, கேசரி சாப்பிட்டுவிட்டு, தகவல் சொல்கிறோம் என்று போனவர்கள் யார் என்பதும் அப்போதுதான் புரிந்தது. இனிமேல் யார் முன்னாலும் காபித் தட்டோடு வந்து நிற்க மாட்டேன் என்று சித்தி சொல்லியிருந்தாளாம். அதனால்தான் மாமாவின் மலைத் திட்டம். சித்தி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இப்போது சொந்தமாக ஒரு பரிசோதனைக் கூடம் வைத்திருக்கிறாள். குழந்தைகள் அழாமல் கை நீட்டுவது அவளிடம்தான் என்று ஊரில் பேர். கைக்குட்டை வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அன்று திரும்பும்போது வேனில் ஆளுக்கொரு புளிசாதப் பொட்டலம் பிரித்தோம். யாரும் முடிக்கவில்லை. மாமா டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அம்மா ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள், ஆனால் தூங்கவில்லை. நானும் சித்தியும் கடைசி சீட்டில். அவள் கை என் கைக்குள் இருந்தது. கூட்டிக்கொண்டு போனவளைப் பத்திரமாகத் திரும்பக் கூட்டி வருகிற பெருமை எனக்கு. பண்ருட்டி தாண்டி வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது, சித்தி என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"அவரு எறங்கிப் போறப்ப நீதானே பாத்துகிட்டு நின்ன?"

"ஆமா."

"ரத்தம் நின்னுடுச்சா?"

நின்றிருந்தது. முதல் வளைவில் அவர் கைக்குட்டையை நெற்றியிலிருந்து எடுத்துவிட்டார். அந்த வளைவில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இரண்டாவது வளைவில் அவர் அம்மா முன்னால் போகட்டும் என்று விட்டுவிட்டு இன்னொரு முறை திரும்பி, கையை உயர்த்தினார். சித்தி குனிந்து செருப்பு வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவர் கையைத் தூக்கியபடியே கொஞ்ச நேரம் நின்றார். நான் முறைத்தேன். அப்புறம்தான் இறங்கிப் போனார்.

"இல்ல சித்தி," என்றேன். "நிக்கவே இல்ல. திரும்பிக்கூடப் பாக்காம ஓடுனாரு."

சித்தி "ம்" என்றாள். பிறகு என் தலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். புடவையில் இன்னும் அருவியின் ஈரம் இருந்தது. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தபடியே நான் தூங்கிப்போனேன்.